மஞ்சள் விளக்கில் பார்த்த கண்

பொறுமை கடலினும் பெரிது என்று சொல்லி வைத்தவர் எவரும் கடுகோடு ஒரே அறையில் ஒரு நாள் வேலை பார்த்திருக்க மாட்டார். வயது நாற்பத்தெட்டு. உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. வாயைத் திறந்தால் மூன்று மாடிக்குக் கேட்கும். துணியில் படமும் எழுத்தும் அச்சடிக்கிற அந்தத் தொழிற்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறாள். நேரில் எல்லோரும் ‘அக்கா’ என்பார்கள். முதுகைத் திருப்பினால் ‘கடுகு’. அது அவளுக்கும் தெரியும். “சிறுத்தாலும் காரம் போகாதுன்னுதானே சொல்றீங்க? நல்லா சொல்லுங்க” என்பாள்.

அந்தக் கோபத்தைச் சும்மா குறை சொல்லிவிட முடியாது. பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் வந்தது அவள் கத்தியதால். முதலுதவிப் பெட்டிக்குள் மருந்து வந்ததும் அவள் கத்தியதால்தான். அதுவரை அதில் மேனேஜரின் சீப்பும் சாவி தொலைந்த ஒரு பூட்டும் கிடந்தன. கேட்டுப் பெற வேண்டியதை எல்லாம் அவள் வாய்தான் கேட்டது. மற்றவர்கள் வாயை வைத்துக்கொண்டு டீ குடித்தார்கள்.

அவள் புருஷனும் அங்கேதான் வேலை பார்த்தான். அவனுக்கு ஊர் வைத்த பெயர் பஞ்சு. ஆள் பனைமரம் மாதிரி உயரம், குரல் மட்டும் பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்காது. எதைக் கேட்டாலும் “ஒன்னுமில்ல”, “நீ சொன்னா சரி” என்ற இரண்டு பதில்தான். கடுகும் பஞ்சும் எப்படி ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்துகிறார்கள் என்று பேசிச் சிரிக்காத ஆள் அந்தக் கட்டடத்தில் கிடையாது.

இரண்டு பேருக்கும் வேலை பின்பக்கத்து அறையில். அச்சடிக்க வேண்டிய படத்தை முதலில் ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலையில் ஏற்ற வேண்டும். அதற்கு ஸ்கிரீன் என்று பெயர். பஞ்சு அந்த வலையின் மேல் ஒரு பசையைச் சீராக இழுத்துப் பூசுவான். அது காய்ந்து, படம் ஏற்றி, கழுவி வந்ததும் கடுகு சோதிப்பாள். ஊசி முனை அளவு துளை இருந்தாலும் அச்சில் புள்ளி விழும், ஆயிரம் சட்டை பாழாகும். அவள் கண்ணில் அது தப்பாது. இதில் ஒரு விஷயம் உண்டு. அந்தப் பசை வெள்ளை வெளிச்சம் பட்டால் இறுகிவிடும். அதனால் அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது, வெள்ளை விளக்கும் கிடையாது. காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை மஞ்சள் விளக்குதான். சுவர், சட்டை, சோறு, பல் எல்லாம் மஞ்சள். பழகியவர்களுக்கு அது மஞ்சளாகவே தெரியாது.

பஞ்சுக்கு முதலில் வயிற்று வலி வந்தது கோடைக் கடைசியில். எண்ணெயில் பொரித்ததை ஒரு பிடி பிடித்தால் ஒரு மணி நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொள்ளும். அங்கிருந்து முதுகுக்குப் போய் வலது தோள்பட்டையில் குத்தும். இரண்டு மூன்று மணி நேரம் படுத்தி எடுத்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் போய்விடும்.

“கண்டதையும் அள்ளிப் போட்டா வாயு பிடிக்காம பூவா பூக்கும்?” என்றாள் கடுகு. மருந்துக்கடையில் வாயு மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். இரண்டாம் தடவையும் அதே மாத்திரை, அதே திட்டு. மூன்றாம் தடவை, வேலை நேரத்தில், பஞ்சு சட்டங்கள் அடுக்கிய அலமாரிக்குப் பக்கத்தில் தரையில் சுருண்டு கிடந்தான். வாந்தி எடுத்து, வேர்வையில் நனைந்து, விலாவை அழுத்திப் பிடித்திருந்தான். “இங்க வந்து படுக்கத்தான் சம்பளமா? எந்திரிய்யா!” என்று கத்திக்கொண்டே வந்தவள், அவன் முகத்தைப் பார்த்ததும் கத்தலை மேனேஜர் பக்கம் திருப்பினாள். பத்து நிமிஷத்தில் வண்டி வந்தது.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா கறாரான ஆள். சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

“இது வாயு இல்லம்மா, பித்தப்பையில கல். கல்லீரலுக்கு அடியில சின்னதா ஒரு பை, அதுல பித்தம் சேர்ந்திருக்கும். கொழுப்பா சாப்பிட்டா அந்தப் பை சுருங்கி, குழாய் வழியா குடலுக்குப் பித்தத்தை விடும். அப்ப கல்லு வந்து பையோட வாயில மாட்டிக்குது. அதான் வலி.”

“கரைக்க மருந்து கிடையாதா?”

“இந்தக் கல்லுக்கு மருந்தை நம்ப முடியாது. எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடிச்சா கல்லு வெளிய வந்துடும்னு யாராவது சொல்வாங்க. அதையும் நம்பாதீங்க. வெளிய வர்றது அந்த எண்ணெயே கட்டியா உறைஞ்சதுதான். கல்லு அங்கேயே இருக்கும்.”

“அப்ப பையையே எடுக்கணுமா? பை இல்லாம மனுஷன் எப்படிச் சாப்பிடுவான்?”

“நல்லாவே சாப்பிடுவாரு. பித்தத்தைச் செய்யறது கல்லீரல், பை வெறும் சேமிப்புதான். வலியே தராத கல்லுன்னா பெரும்பாலும் சும்மா விட்டுடலாம். ஒரு தடவை வலிச்ச கல்லு விடாது, மறுபடி வரும். சின்னத் துளை போட்டு எடுத்துடலாம். அஞ்சு வாரம் கழிச்சுத் தேதி தர்றேன். அதுவரைக்கும் எண்ணெய் அயிட்டம் வேண்டாம்.” டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். “இதை மட்டும் நல்லா கேட்டுக்கங்க. கல்லு பையை விட்டு நழுவி, பொதுக் குழாய்ல போய் அடைச்சா ஆபத்து. கண்ணு மஞ்சளாகும். ஒன்னுக்குக் கறுத்துப் போகும். மலம் வெளுத்துப் போகும். உடம்பெல்லாம் அரிக்கும். அதோட குளிர் நடுக்கி காய்ச்சலும் வந்தா, ஒரு மணி நேரம்கூட வீட்ல இருக்கக் கூடாது. உயிருக்கே ஆபத்து.”

பஞ்சு தலையை ஆட்டினான். கடுகு நாற்காலியை முன்னால் இழுத்தாள். “அதை என்கிட்ட விடுங்க. ஊசி முனை ஓட்டையையே விடாத கண்ணு இது. தினம் நான் பாக்கறேன்.”

பார்த்தாள். ஒரு நாள் விடாமல் பார்த்தாள். எங்கே வைத்துப் பார்த்தாள் என்று கேளுங்கள்! காலையில் வீட்டில் நேரம் இருக்காது. சமைத்து, கட்டி, துவைத்து, பஸ்ஸுக்கு ஓட வேண்டும். வீடோ பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்த வீடு, நடுப்பகலிலும் குண்டு பல்பு எரியும். அதனால் வேலைக்கு வந்ததும், தன் மேஜைக்கு முன்னால் அவனை உட்கார வைத்து, ஸ்கிரீன் சோதிக்கிற பூதக்கண்ணாடியைப் பிடித்து, கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். அந்த மஞ்சள் விளக்குக்குக் கீழே. அந்த வெளிச்சத்தில் வெள்ளை எது, மஞ்சள் எது? எல்லாம் ஒன்றுதான். படிக்கிற உங்களுக்கு இது உடனே உறைத்திருக்கும். இருபத்திரண்டு வருஷம் அதே விளக்கில் பிழைத்தவளுக்கு உறைக்கவில்லை. மற்ற யாருக்கும் கூட உறைக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். இவர்கள் இருவரைத் தவிர எட்டு பேர் அந்த அறையில் வேலை பார்த்தார்கள். எட்டு பேரும் தினம் அந்தக் கூத்தைப் பார்த்தார்கள். “அக்கா மாதிரி பொண்டாட்டி கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்” என்றார்களே தவிர, வெளியே கூட்டிப் போய்ப் பாருங்கள் என்று ஒரு வாய் சொல்லவில்லை.

நான்காம் வாரம் பஞ்சு சொறிய ஆரம்பித்தான். முதலில் உள்ளங்கை, பிறகு கை, முதுகு. கடுகு அவன் கண்ணை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள். நேற்று மாதிரியேதான் இருந்தது. அப்படியானால் அரிப்புக்குக் காரணம் கல் இல்லை. வேறு என்ன? கையில் இருந்தது அந்த மாதம் புதிதாக வந்த மட்டமான கையுறை. பசை உள்ளே இறங்குகிற கையுறை. அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

புதன்கிழமை மத்தியானம் மேனேஜர் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தாள்.

“என்ன கையுறை வாங்கிப் போட்டிருக்கீங்க? இதைப் போட்டு உங்க கையை ஒரு நாள் பசையில விடுங்க பாப்போம்! என் புருஷன் உடம்பு பூரா சொறிஞ்சு சொறிஞ்சு ரத்தம் வருது!”

“ஏம்மா, வேற யாருக்கும் அரிக்கலையே...”

“எட்டு பேருக்கும் அரிச்ச பிறகுதான் கண்ணைத் திறப்பீங்களா? நாளைக்குக் காலைல நல்ல கையுறை வரலைன்னா ஒரு ஸ்கிரீன் வெளிய போகாது. நான் சொன்னா சொன்னதுதான்!”

மறுநாள் காலையில் தடிமனான நீலக் கையுறை பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. அறையே கைதட்டியது. “அக்கான்னா அக்காதான்!” கடுகு ஒன்றும் நடக்காதது போல வேலையைப் பார்த்தாள், உள்ளுக்குள் பெருமையில் தலைகால் புரியவில்லை. அவள் வாழ்க்கையில் போட்ட சண்டைகளிலேயே நியாயமான சண்டை அது. அவன் உடம்பில் அடைத்துக்கொண்டு நின்ற பித்தம்தான் அரித்தது என்பதைத் தவிர.

வெள்ளிக்கிழமை பஞ்சு சாப்பாட்டைப் பாதியில் வைத்தான். “ஒன்னுக்கு கொஞ்சம் அடர்த்தியா போகுது” என்றான் தயங்கித் தயங்கி.

“கண்ணு நல்லா இருக்கே! தண்ணியே குடிக்கிறதில்ல, அப்புறம் எப்படிப் போகும்?” என்று ஒரு பெரிய பாட்டிலை அவன் பக்கத்தில் டொக்கென்று வைத்தாள்.

அந்த வாரம் பெரிய ஆர்டர். ஞாயிற்றுக்கிழமையும் வேலை. வெளியே நான்கு நாளாக விடாத மழை. இருட்டிய வானத்தின் கீழ் குடையோடு வந்து குடையோடு போனார்கள். சனி, ஞாயிறு அவன் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டான். “மழைக்கு எல்லாருக்கும்தான் குளிருது” என்றாள் கடுகு.

திங்கட்கிழமை மழை விட்டது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் தீ ஒத்திகைச் சங்கு ஊதியது. வருஷத்துக்கு ஒரு தடவை ஊதுவார்கள். எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு முற்றத்தில் போய் வரிசையாக நிற்க வேண்டும், செக்யூரிட்டி தலை எண்ணுவான். கழுவி விட்ட மாதிரி வெயில். கடுகு முதல் ஆளாக நின்று சண்டையை ஆரம்பித்தாள்.

“அம்பத்தாறு” என்றான் செக்யூரிட்டி.

“கண்ணைக் காட்டிக் கண்ணாடி வாங்கு. அம்பத்தேழு பேரு. எங்க ஆளு இன்னும் வரலை. நிஜமா தீப்பிடிச்சிருந்தா ஒருத்தனை உள்ள வச்சுச் சுட்டிருப்பீங்க! யோவ், சீக்கிரம் வாய்யா!”

பஞ்சு கதவைப் பிடித்துக்கொண்டு வெயிலுக்குள் வந்தான். அந்தச் சூட்டிலும் ஸ்வெட்டருக்குள் உடம்பு நடுங்கியது, பல் கிட்டியது. ஐம்பத்தாறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். முகம், கழுத்து, கை, கண் எல்லாம் மஞ்சள் கரைத்த தண்ணீரில் முக்கி எடுத்தது போல இருந்தன. யாரோ ஒருத்தி “அய்யய்யோ” என்றாள். கடுகுக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. காலையில்தானே பார்த்தாள்? நான்கு மணி நேரத்தில் ஒரு மனுஷன் இப்படி ஆவானா?

அவன் கால் மடங்கியது. ஓடிப் போய்ப் பிடித்தாள். உடம்பு கொதித்தது. “என்னய்யா பண்ணுது?” என்று கேட்டதற்கு, “ஸ்கிரீன் காயலை” என்று சம்பந்தமில்லாமல் ஏதோ சொன்னான். “வண்டியை எடுங்கடா! மசமசன்னு நிக்கிறீங்களே, உங்க அண்ணனா இருந்தா இப்படி நிப்பீங்களா?” என்று அவள் போட்ட சத்தத்தில், சட்டை ஏற்றிக்கொண்டிருந்த வேனிலிருந்து மூட்டைகளைத் தள்ளிவிட்டு அவனை ஏற்றினார்கள்.

அதே டாக்டரம்மா. நாடியைப் பிடித்தாள், இமையைத் தூக்கினாள், நர்ஸிடம் நான்கு வார்த்தை சொன்னாள். ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது.

“எத்தனை நாளா மஞ்சளா இருக்காரு?”

“இன்னிக்குத்தான். சத்தியமா இன்னிக்குத்தான். காலைல எட்டு மணிக்குக்கூட பாத்தேன்.”

“சான்ஸே இல்லம்மா. குறைஞ்சது நாலஞ்சு நாள் ஆகியிருக்கும்.”

“என்னைப் பொய் சொல்றவன்னு சொல்றீங்களா?” கடுகு எகிறினாள். “தினம் இமையை இழுத்து, கண்ணாடி வச்சுப் பாத்திருக்கேன்! எங்க அறையில எட்டு பேரு சாட்சி!”

“எந்த அறையில?”

கடுகு வாயைத் திறந்தாள். “மஞ்சள் விளக்கு...” என்று ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியின் வெள்ளை விளக்கை அண்ணாந்து பார்த்தாள். பிறகு தன் நெற்றியில் தானே பளார் பளார் என்று அறைந்துகொண்டாள். “பாவி! பாவி! நானே கொன்னுட்டேனே!”

“நிறுத்துங்க” என்றாள் டாக்டரம்மா. சமாதானம் சொல்லவில்லை. “அழறதுக்கு இப்ப நேரமில்ல. குழாய் அடைச்சு, உள்ள சீழ் பிடிச்சு, கிருமி ரத்தத்துல கலக்க ஆரம்பிச்சிருக்கு. ஊசி மருந்து ஏத்தியாச்சு, ஆனா அடைப்பை எடுக்காம மருந்து மட்டும் போதாது. வாய் வழியா கேமரா வச்ச குழாயை விட்டு, பித்தக்குழாய் குடல்ல திறக்கற இடத்துல கல்லை இழுத்து எடுக்கணும். கையெழுத்துப் போடுங்க.”

போட்டாள். கோணல் மாணலாகப் போட்டாள். அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள், கதவு சாத்தியது. பெஞ்சில் உட்கார முடியவில்லை. நின்றாள், நடந்தாள், சுவரைக் குத்தினாள். அந்த நேரம் பார்த்து மேனேஜர் போன் பண்ணினான்.

“ஏம்மா, அவருக்கு எப்படி இருக்கு? நல்லது, நல்லது. அந்தப் பெரிய ஆர்டர் ஸ்கிரீன் நாலாவதை எங்க வச்சிருக்கீங்க?”

அதற்கு அவள் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தவர்கள் குழந்தைகளின் காதைப் பொத்தினார்கள். போனை வைத்த பிறகும் கோபம் அடங்கவில்லை, போவதற்கு இடமில்லாமல் அவளிடமே திரும்பி வந்தது. கையுறைக்குப் போய்க் கத்தினாயே, கதவைத் திறந்து பத்தடி வெளியே கூட்டிப் போனாயா? ஒன்னுக்கு அடர்த்தியாகப் போகிறது என்று அவன் வாயாலேயே சொன்னானே, அப்போதாவது காது கேட்டதா? டாக்டர் சொன்ன ஒவ்வொன்றும் வரிசையாக வந்து நின்றது. நீதான் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் சொல்லித் துரத்தினாய்.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தாள். “கல்லு வந்துடுச்சு. சீழ் நிறைய வெளியேறிச்சு. இன்னிக்கும் நாளைக்கும் தாண்டணும். தேறினதும் பையையும் எடுத்துடலாம், இனிமே காத்திருக்க வேண்டாம்” என்றாள். கடுகு கையெடுத்துக் கும்பிட்டாள்.

தாண்டினான். வியாழக்கிழமை காலையில் காய்ச்சல் விட்டு, கண் தெளிந்து, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கண்ணில் மஞ்சள் இன்னும் பாதி இருந்தது. கடுகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பொரிந்து தள்ளினாள். அந்த மேனேஜரைச் சும்மா விடப் போவதில்லை, அறைக்கு வெளியே ஒரு வெள்ளை விளக்கும் கண்ணாடியும் மாட்ட வைக்காவிட்டால் தன் பெயர் கடுகு இல்லை, இந்த எட்டுப் பேரும் மனுஷர்களே இல்லை, எல்லாவற்றுக்கும் மேலாகத் தன்னைப் போல ஒரு முட்டாள் உலகத்தில் இல்லை என்றாள். “கழிப்பறையில கண்ணாடி இருக்கே, வெள்ளை லைட்டு எரியுதே, ஒரு தடவை உன் மூஞ்சியை நீ பாத்திருக்கக் கூடாதா?” என்று முடித்தாள்.

பஞ்சு போர்வையின் ஓரத்தை நீவினான்.

“பாத்தேன்.”

“எப்ப?”

“போன வியாழக்கிழமை.”

கடுகு விரலை மடக்கி எண்ணினாள். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். “நாலு நாளா தெரிஞ்சுமா? தெரிஞ்சும் வாயைத் திறக்கலையா? ஏன்?”

அவன் போர்வையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“அன்னிக்குக் காலைலதான் கையுறை வந்துது. எல்லாரும் உனக்குக் கை தட்டினாங்க. நான் போய், இது கையுறை இல்ல, கல்லுதான்னு சொன்னா உன்னைப் பாத்துச் சிரிப்பாங்க. மேனேஜர் இனிமே உன் பேச்சை மதிக்க மாட்டான்.” மூச்சு வாங்கியது. “ஆபரேஷன் தேதிதான் பக்கத்துல இருக்கே, ஓட்டிடலாம்னு பாத்தேன். அப்புறம், சொன்னா நீ கத்துவ. நீ பாத்து நல்லா இருக்குன்னு சொன்ன பிறகு இல்லைன்னு நான் எப்படிச் சொல்றது? வெள்ளிக்கிழமை பாதி சொல்லிப் பாத்தேன். நீ தண்ணி பாட்டில் குடுத்த.”

கடுகுக்கு உச்சந்தலை வரை ரத்தம் ஏறியது. கத்துவதற்கு மூச்சை இழுத்தாள். பக்கத்துக் கட்டில்காரர்கூட போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டார்.

“என் மானத்தைக் காப்பாத்த நீ சாகப் போனியாய்யா?”

கத்தலாகப் புறப்பட்டது, வெளியே வரும்போது குரலே இல்லை.

“இப்ப வேணா கத்து” என்றான் பஞ்சு. “நான்தான் சொல்லிட்டேன்ல.”

அவள் கத்தவில்லை. மூக்கை உறிஞ்சி, சேலைத் தலைப்பால் துடைத்தாள், ஸ்டூலைக் கட்டிலை ஒட்டி இழுத்துப் போட்டாள், கோபம் குறையாத முகத்தோடு அவனைப் பார்த்தாள்.

“இன்னும் என்னெல்லாம் எனக்குப் பயந்து சொல்லாம வச்சிருக்க? எல்லாத்தையும் இப்பவே சொல்லு. நான் வாயைத் திறக்கலை.”

பஞ்சு தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறகு, கல்யாணமான முதல் வருஷத்திலிருந்து ஆரம்பித்தான்.